நாலு வாசல் வீடு

தேவாசீர்வாதம் சார் ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வரலாம் என்பார்கள் திருத்தங்கலில். சோறு வெந்து, வடித்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தாலும் மனிதர் அப்போதுதான் நோயாளிகளை முடித்துக்கொண்டு விதவைகளுக்கு வந்திருப்பார். இருபது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் இல்லையா, வருகைப்பதிவேடு வாசிப்பது மாதிரிதான் ஆண்டவரிடமும் ஒவ்வொரு பேராக வாசிப்பார். ஒருத்தர் பேரையும் விடமாட்டார். ஆண்டவர் பாவம், 'உள்ளேன் ஐயா' சொல்லியே களைத்திருப்பார்.

ஜாஸ்பினுக்கு இது பழகிப்போன சங்கதி. எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவள்தான். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வயது நாற்பத்து மூன்று. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவளுக்கு மட்டும் ஒரு கண் திறந்தே இருக்கும். வார்டில் ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து வந்த வியாதி அது. வெள்ள முகாமில் சார் ஜெபித்தபோது அந்த ஒரு கண்ணில்தான் செல்லத்தாய் முதலில் பட்டாள்.

கார்த்திகை மழையில் எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே கண்மாய்க் கரை உடைந்து, தெருவில் இருபத்தேழு வீடு விழுந்துவிட்டது. எல்லாம் மண் சுவர். தண்ணீர் வடிந்த பிறகு கட்சிக்காரர்கள் வந்தார்கள், அரிசி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். திருத்தங்கல் சபைக்காரர்களும் அரிசி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஆனால் போகவில்லை. அதுதான் இவர்களிடம் உள்ள கோளாறு. வீடு கட்டித்தருகிறோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். சென்னையில் இருக்கும் ஒரு நிவாரண சங்கம் ஹாலோ பிளாக்கும் சிமெண்டும் தகரமும் அனுப்பியது. முதல் வீடு செல்லத்தாய்க்கு என்று முடிவானது.

செல்லத்தாய்க்கு ஐம்பது வயது. புருஷன் இல்லை, பட்டாசுக் கம்பெனியில் வேலை. மழையன்றைக்கு வாசல் பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்து கதவை அடைத்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நாலு மணி நேரம் உள்ளே நின்றிருக்கிறாள். விடிந்த பிறகு கூரை ஓட்டைப் பிரித்துத்தான் தூக்கினார்கள். அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு. முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வகுப்பறைக்குள் படுக்க, இவள் மட்டும் கொடிக்கம்பத்து மேடையில் பனியில் குந்திக்கொண்டு இருப்பாள். மல்லாங்கிணறில் கட்டிக்கொடுத்த மகள் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "எலி வளையானாலும் தனி வளைதான் தாயி. மருமகன் வீட்டுல போயி நான் எங்கன கால நீட்ட?" என்று அனுப்பிவிட்டாள்.

தூங்காவிட்டால் என்ன, பரீட்சையா எழுதப்போகிறாள் என்று நினைக்கக்கூடாது. அவளுக்கு வேலை மருந்து ரூமில். வெடிக்குள் மருந்து அடைக்கிற இடம். அங்கே போய் உட்கார்ந்ததும் தலை சொக்கி விழுகிறது. போர்மேன் அன்பரசன் ஒருநாள் ஜாஸ்பினைத் தேடிக்கொண்டு வந்தே சொன்னான்.

"சிஸ்டர், அந்தக்காவுக்கு மாத்திரை கீத்திரை குடுங்க. மடியில மருந்த வச்சுக்கிட்டு தூங்குது. அது போறதில்லாம கூட மூணு பேரையும் கூட்டிட்டுப் போயிரும். நான் இன்னும் ஒரு தடவதான் பாப்பேன். அதுக்கு மேல கேட்டுலயே நிப்பாட்டிருவேன்."

ஜாஸ்பின் மாத்திரை கொடுத்தாள். செல்லத்தாய் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள், முழுங்கவில்லை.

"மாத்திரையப் போட்டுத் தூங்கிட்டா, செவுரு விழுந்தா யாரு என்னய எழுப்புவா சிஸ்டர்? வீடு வரட்டும். சொந்த வீட்டுல தலையச் சாச்சா தூக்கம் தன்னால வந்துரும்."

ஆகவே இது வெறும் வீடு இல்லை, ஒரு மனுஷியின் தூக்கம். ஜாஸ்பின் பொங்கல் லீவு மொத்தத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டுச் சாந்துச் சட்டி தூக்க வந்ததற்கு அதுதான் காரணம். மற்றபடி அவளுக்குப் புண்ணியத்தில் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது.

வந்த தொண்டர்கள் இருபத்து நாலு பேர். முக்கால்வாசி டீச்சர்கள், மீதி நர்ஸுகள், பாடகர் குழுவில் கொஞ்சம் பேர். சாக்பீஸையும் ஊசியையும் தவிர வேறெதையும் தூக்கியறியாத கைகள். தேவாசீர்வாதம் சார் இவர்களை நிற்கவைத்து, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பிரிப்பது மாதிரியே நாலு அணியாகப் பிரித்தார். அணிக்கு ஒரு சுவர். முதலில் முடிக்கிற அணிக்கு எவர்சில்வர் டப்பா பரிசு. டப்பா என்றதும் பரிசுத்தவான்கள் முகத்தில் வந்த வெறியைப் பார்க்கவேண்டுமே! ஒரு அணி அடுத்த அணியின் தண்ணீர் டிரம்மைக் களவாடியது. பாடகர் குழு பாட்டுப் பாடிக்கொண்டே நர்ஸுகளின் சாந்துக் கரண்டியை ஒளித்துவைத்தது.

மேற்பார்வைக்குக் கூலிக்குப் பிடித்த ஒரே ஒரு கொத்தனார், ஊர்க்காவலன். வாய் பேசாத மனிதன். முதல் நாள் காலையில் சார் நோயாளிகள், விதவைகள், அரசு ஊழியர்கள் என்று ஜெபித்து முடிப்பதற்குள் சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளி, பத்துக்குப் பத்து அளந்து, கட்டவேண்டிய இடம், விடவேண்டிய இடம் எல்லாம் தரையில் கோடு போட்டு முடித்துவிட்டான். அணிகள் கோட்டைப் பார்த்துக் கல் வைத்தன. மூன்றே நாளில் சுவர் ஏழடிக்கு எழும்பிவிட்டது. நர்ஸுகளுக்குத்தான் டப்பா. ஆஸ்பத்திரியில் வராத மரியாதை அன்றைக்கு ஜாஸ்பினுக்கு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிவகாசியிலிருந்து லோடு ஆட்டோவில் கதவு வந்து இறங்கியது. இரும்புக் கதவு, ஒன்று.

"இங்கன கொண்டாங்க" என்றது கிழக்குச் சுவர் அணி.

"அங்கன எதுக்கு? வாசல் இந்தப் பக்கம்லா" என்றது மேற்குச் சுவர்.

"வாசலா? எங்ககிட்டல்லா வாசல் இருக்கு" என்றது தெற்கு.

ஜாஸ்பின் மெல்லத் தன் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். டப்பா வாங்கிய வடக்குச் சுவரின் நட்டநடுவிலும் மூன்றடி அகலத்தில் ஒரு வாசல் ஜம்மென்று நின்றது. நாலு அணியும் தன் வாசல்தான் வாசல், மற்றவர்கள் விட்டிருப்பது சட்டி கொண்டுபோகிற வழி, கடைசியில் அடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறது. மூன்று நாளும் டப்பாவின் மேலேயே கண். தேவாசீர்வாதம் சாரோ எல்லாப் போட்டோவையும் ஒரே பக்கம் நின்று எடுத்திருக்கிறார்.

"கொத்தனாரே!" சார் போட்ட சத்தத்தில் கம்பியில் இருந்த காக்கா பறந்தது. "என்னய்யா இது? நாலு வாசல் வச்சிருக்கீரு?"

ஊர்க்காவலன் சுற்றிவந்து பார்த்தான். எண்ணினான். தலையைச் சொறிந்தான்.

"கம்பெனி ரூம்புக்கு நாலு பக்கமும் வாசல் விட்டாத்தான சாரு லைசென்சு. தீப்பிடிச்சா எந்தப் பக்கமும் ஓடணும்லா. முப்பது வருசமா அதுதான் கட்டுறேன். சுண்ணாம்ப எடுத்தா கை தானா நாலு பக்கமும் போயிருது."

"உம்ம வீட்டுக்கு எத்தன வாசல்?"

"அது எங்க மாமனாரு கட்டுனது சாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே வீடு கட்டப்போய் மருந்து ரூமைக் கட்டிவைத்திருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏத்தா செல்லத்தாயி, உள்ள உக்காந்து அணுகுண்டு செய்யப்போறியா? ஆர்டர் வந்தா எனக்கும் ஒரு வேலை போட்டுக்குடு" என்றாள். தெரு சிரித்தது. சபையாரும் சிரித்தார்கள். ஜாஸ்பினும்தான் சிரித்தாள்.

செல்லத்தாய் மட்டும் வீட்டுக்கு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டுமே சாரு" என்றாள் மெதுவாக. "நல்லாத்தான இருக்கு."

"என்ன தாயி நல்லாருக்கு? நாலு பக்கமும் தொறந்து கெடந்தா ஆடு வரும், நாய் வரும், களவாணி வருவான். ஒரு பீரோ சாத்தச் செவுரு வேண்டாமா? சென்னையில இருந்து வந்த பிளான்ல ஒரு வாசல்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம பிரதிஷ்டைக்கு அவுகளே வர்றாக. என் மானம் போயிரும். கொத்தனாரே, மூணையும் அடைச்சிரும்."

தெரு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. செல்லத்தாய் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். இனாமாகக் கட்டித்தருகிறவர்களிடம் எத்தனை தடவை வாயைத் திறப்பது? வியாழக்கிழமைக்குள் தகரம் போட்டு, மூன்று வாசலையும் கல் வைத்து அடைத்து, நாலாவதில் கதவை மாட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் செல்லத்தாய் மறுபடி தூங்கினாள். மருந்துத் தட்டு மடியிலிருந்து சரிய, பக்கத்திலிருந்தவள் பிடித்துக்கொண்டதால் நாலு உயிர் தப்பியது. அன்பரசன் கையெடுத்துக் கும்பிட்டே சொன்னானாம். "அக்கா, திங்கக்கெழம தூங்கி எந்திரிச்ச மூஞ்சியோட வந்தா உள்ள வாங்க. இல்லன்னா வராதீக."

சனிக்கிழமை மத்தியானம் ஜாஸ்பின் அவளைக் கையோடு புது வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நாள் நட்சத்திரம் எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு ஒரு மணி நேரம் கண்ணசந்தால் போதும் என்று பாய் விரித்துத் தலையணை போட்டாள். செல்லத்தாய் படுத்தாள். நாலைந்து ஆடு எட்டிப் பார்த்ததால் ஜாஸ்பின் கதவைச் சாத்தினாள்.

இருபதுகூட எண்ணியிருக்கமாட்டாள். செல்லத்தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. நாடியைப் பிடித்தால் தறிகெட்டு ஓடியது. கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினாள். ஜாஸ்பின் வெளியே வந்து பார்ப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் ணங் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கொத்தனாரின் கடப்பாரையைத் தூக்கி, ஈரம் காயாத மேற்கு அடைப்பில் இடித்துக்கொண்டிருந்தாள் செல்லத்தாய். சாப்பிட்டுத் தூங்கி எத்தனையோ நாளான அந்த உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

சரியாக அந்த நேரத்தில் தேவாசீர்வாதம் சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பிரதிஷ்டைக்கு அடித்த பிளெக்ஸ் பேனர் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தது. பேனரில் பாதி அவர் முகம்.

"அடியாத்தீ! என்ன காரியம் செய்ற? கட்டுன கையோட இடிக்கிறியே, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

செல்லத்தாய் கடப்பாரையைக் கீழே போடவில்லை.

"ஆமா சாரு, கிறுக்குதான். நாலு மணி நேரம் சாரு. முன்னால செவுரு விழுந்து கதவ அடைச்சிருச்சு. பொறத்தால செவுரு, இந்தப் பக்கம் செவுரு, அந்தப் பக்கம் செவுரு. தண்ணி ஏறிக்கிட்டே வருது. நான் எந்தப் பக்கம் போவேன்? சொல்லுங்க. நகத்தால செவுரப் பறண்டுனேன்." கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு விரலில் நகம் இன்னும் முளைக்கவில்லை. "அன்னையில இருந்து ஒத்த வாசல்னா எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது. கம்பெனி ரூம்புல மட்டுந்தான் மூடுது. அங்கன எந்தப் பக்கம் திரும்புனாலும் வாசல், வெளிச்சம். மடியில மருந்து இருக்குன்னு புத்திக்குத் தெரியுது. பாழாப்போன கண்ணுக்குத் தெரியலயே, நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். பிரதிஷ்டை வேலைக்கு வந்த ஊர்க்காவலனும் டீச்சர்களும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்தார்கள்.

ஜாஸ்பினுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாற்பது நாளாக மாத்திரை மாத்திரை என்று அலைந்தவள், அந்தக் கையைத் திருப்பி நகத்தைப் பார்க்கவில்லை. ஜில்லாவிலேயே கண்ணசரக்கூடாத இடத்தில் மட்டும் ஒருத்திக்குத் தூக்கம் வருகிறதே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருஷ சர்வீஸ் வேறு. தூ!

தேவாசீர்வாதம் சார் வாயைத் திறந்தார். ஐயோ, இப்போது ஜெபிக்க ஆரம்பித்துவிடுவாரே என்று ஜாஸ்பின் பயந்தாள். சார் வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"கொத்தனாரே, இன்னொரு கடப்பாரை இருக்கா?"

மூன்று அடைப்பும் ஒரு மணி நேரத்தில் தரைக்கு வந்தன. டீச்சர்களுக்குக் கட்டுவதைவிட இடிப்பது நன்றாக வந்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று கதவுக்கு எங்கே போவது? சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லோடு ஆட்டோவில் வந்தார். கோயில் பொருள் வைக்கிற அறையின் தேக்குக் கதவு, மேலே சிலுவை செதுக்கியது, ஒன்று. அவர் சொந்த வீட்டு அடுப்பங்கரையின் பின்கதவு, ஒன்று. மூன்றாவது, கோயில் வளாகத்துக் கழிப்பறைக் கதவு. அதில் பச்சைப் பெயிண்டில் 'பெண்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"சார், அடுப்பங்கரைக் கதவக் கழட்டிட்டீகளே, கிருபா டீச்சர் ஒண்ணும் சொல்லலயா?" என்றாள் ஜாஸ்பின். கிருபா டீச்சர் சாரின் வீட்டம்மா.

"அவ ஊருல இல்ல. காலையில வர்றா" என்றார் சார். குரலில், உயிரைக் கொடுக்கப் போகிற ரத்தசாட்சிகளின் அமைதி இருந்தது.

கழிப்பறைக்குக் கதவு போய்விட்டதால் அங்கே பிரதிஷ்டை பேனரைத் தொங்கவிட்டார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்த பெண்கள் ஒதுங்கப் போனால், தேவாசீர்வாதம் சார் உள்பக்கம் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து திரும்பிய கிருபா டீச்சர்தான் போய் அவரை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினார். புருஷனிடம் பேசவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் பிரதிஷ்டை. சென்னை நிவாரண சங்கத்திலிருந்து வந்த ஜெயசுந்தர் ஐயா வெள்ளைச் சட்டையும் கத்தரிக்கோலுமாக வந்து இறங்கினார். நாலு அணியும் தன் தன் வாசலில் ரிப்பன் கட்டி வைத்துக்கொண்டு, "ஐயா, இங்கன வாங்க, இங்கன வாங்க" என்று கூவின. ஐயா பிளானை எடுத்துப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், 'பெண்கள்' என்பதைப் பார்த்தார்.

"சார், ஒரு வாசல்தானே பிளான்ல இருக்கு?"

"பிளான் தப்பு ஐயா" என்றார் தேவாசீர்வாதம் சார்.

பரீட்சைப் பேப்பரில் தப்பைச் சுழித்துக் காட்டும்போது வருகிற அதே குரல். ஐயா மேற்கொண்டு கேட்காமல் நாலு ரிப்பனையும் வெட்டினார்.

எல்லாரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கதவுகள் நாலும் விரியத் திறந்து கிடந்தன. செல்லத்தாயை நடுநாயகமாக நிற்கச் சொன்னார்கள். அவள் கூச்சப்பட்டு, ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது மூலைகள்தான். சார் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். சென்னைக்காரர்கள், சிவகாசிக்காரர்கள், கண்மாய், கண்மாயைத் தூர்வாராத அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள் என்று பதிவேடு நீண்டுகொண்டே போனது. ஊர்க்காவலன் பேரைக்கூட விடவில்லை. நாலு பக்கமும் காற்று வந்தது.

ஜாஸ்பினின் அந்த ஒரு கண் திறந்திருந்தது. செல்லத்தாயின் தலை ஒருமுறை ஆடியது. பிறகு தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. சின்னதாக ஒரு குறட்டை.

ஜாஸ்பின் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜெபத்தின் நடுவில் அவரைத் தொட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. சார் கண்ணைத் திறந்து முறைத்தார். அவள் மோவாயால் மூலையைக் காட்டினாள். சார் பார்த்தார்.

இருபத்தேழு வீடுகளில் ஏழாவதில் வந்து நின்றிருந்தது ஜெபம். 'ஆமென்' சொன்னால் போதும், முடிந்தது. ஆனால் சார் ஆமென் என்றால் பாடகர் குழு அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆமென் போடும். சார் ஆமென் சொல்லவில்லை. வாயில் விரலை வைத்து எல்லாரையும் பார்த்தார். தலைமையாசிரியர் விரல் அது. ஜெயசுந்தர் ஐயா போட்டோவுக்காக அவளை எழுப்பப் போனார், கிருபா டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பேரும் மூச்சுக் காட்டாமல் நாலு வாசல் வழியாகவும் வெளியேறினார்கள். செருப்பெல்லாம் ஒரே வாசலில் கிடந்ததால், ஐயா உட்படப் பாதிப் பேர் வெறுங்காலோடு முள்ளில் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை.

ஜாஸ்பின் மட்டும் 'பெண்கள்' கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடு விரட்டிக்கொண்டிருந்தாள். நாலு வாசலில் ஆடு விரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் போயிருக்கும். வெயில் இறங்கி மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்து செல்லத்தாயின் காலில் விழுந்தது. அவள் லேசாக அசைந்து, கண்ணைப் பாதி திறந்தாள்.

"சிஸ்டர்... சாரு ஜெபத்த முடிச்சிட்டாகளா?"

"இன்னும் ஆமென் சொல்லல. நீங்க தூங்குங்கக்கா" என்றாள் ஜாஸ்பின்.